பேனா கடைசியில் யார் கைக்குப் போகிறது?

2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சட்டமன்றத்தின் தொகுதி வரையறைக் குழுவில், குடியரசுக் கட்சி உறுப்பினர் டேவிட் லூயிஸ் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். அங்கே நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைக் கோட்டையும் மாநிலச் சட்டமன்றமே போடுகிறது. மொத்தம் 13 தொகுதிகள். அவற்றில் 10 எங்களுக்கு, 3 ஜனநாயகக் கட்சிக்கு என்று வரும்படி கோடு போடுவோம் என்றார். ஏன் 10 என்பதற்கும் காரணம் சொன்னார்: 11-க்கு 2 என்று வரைய முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லையாம்.

இதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடாது. யோசித்துச் செதுக்கிய பேச்சு அது. அந்த மாநிலத்தின் முந்தைய வரைபடம், கறுப்பின வாக்காளர்களை இன அடிப்படையில் பிரித்தது என்று சொல்லி அதே மாதத்தில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அடிபட்டிருந்தது. இனம் பார்த்துக் கோடு போட்டால் அரசியல் சாசனம் குறுக்கே வரும். கட்சி பார்த்துப் போட்டால்? அதைத் தடுக்கும் தீர்ப்பு எதுவும் அன்று இல்லை. அதனால் ‘கட்சி ஆதாயம்’ என்பதை வரைவு விதிகளிலேயே ஒன்றாக எழுதி நிறைவேற்றினார்கள். ஒரு குற்றச்சாட்டிலிருந்து தப்ப இன்னொன்றைத் தாமே ஒப்புக்கொண்டார்கள். அந்த நவம்பரில் அவர்கள் கட்சி மாநில அளவில் வாங்கியது ஏறக்குறைய 53 சதவீத வாக்கு. கிடைத்த இடங்கள், சொல்லி வைத்தாற்போல் 10.

இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? கணக்கு எளிது. 100 வாக்காளர் வீதம் ஐந்து தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ கட்சிக்கு மொத்தம் 240 பேர், ‘ஆ’ கட்சிக்கு 260 பேர். நேர்மையாகப் பார்த்தால் ‘ஆ’தான் முன்னிலை. ஆனால் கோடு ‘அ’ கையில் இருக்கிறது. மூன்று தொகுதிகளில் தன் ஆட்களை 55 பேர் வீதம் வைக்கிறது. எதிரிக்கு அங்கே 45. மீதி இரண்டு தொகுதிகளில் எதிரியின் ஆட்களை 62, 63 என்று அடைத்துவிடுகிறது. 48 சதவீத வாக்கில் ஐந்துக்கு மூன்று இடம் வந்துவிட்டது. ஓரிடத்தில் எதிரியைத் தேவைக்கு மேல் குவிப்பது, மற்ற இடங்களில் வெல்ல முடியாத அளவுக்குச் சிதறடிப்பது: இந்த இரண்டு வேலைதான் மொத்த வித்தையும். 2016 வரைபடத்தில் கிரீன்ஸ்பரோவில் உள்ள கறுப்பினப் பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்தின் குறுக்காகவே தொகுதிக் கோடு ஓடியது. மாணவர்களில் பாதிப் பேர் ஒரு தொகுதி, மீதிப் பேர் இன்னொன்று.

1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியாக நெளிந்ததால் இந்த வித்தைக்கு ஜெர்ரிமாண்டரிங் என்ற பெயர் வந்தது. இன்று கோணல்மாணலான உருவத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் மிகச் சிறிய துண்டு வரைக்கும் தரவு இருக்கிறது, அதன்மேல் முந்தைய தேர்தல் முடிவுகளை ஏற்றிப் பார்க்கும் மென்பொருள் இருக்கிறது. பார்க்க அழகான, கட்டமான தொகுதிகளை வைத்துக்கொண்டே எதிரியை முடித்துவிடலாம்.

அப்படியானால் மோசடியை எப்படி அளப்பது? நீதிமன்றங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முட்டி மோதியது இந்தக் கேள்வியில்தான். 1986-ல் இண்டியானா வழக்கில், கட்சிச் சார்பான வரையறையை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். எந்த அளவுகோலால் என்பதில் பெரும்பான்மை சேரவில்லை. 2004-ல் பென்சில்வேனியா வழக்கில் நான்கு நீதிபதிகள் கதவையே மூடச் சொன்னார்கள். ஐந்தாமவரான கென்னடி, வழக்கைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டார், ஆனால் நல்ல அளவுகோல் பிற்பாடு கிடைக்கலாம் என்று கதவில் ஒரு விரல் இடுக்கு விட்டுவைத்தார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் பேராசிரியர்கள் அந்த இடுக்கில் நுழையப் பார்த்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்த முதல் கருவி, வீண் வாக்குக் கணக்கு. தோற்றவருக்கு விழுந்த எல்லா வாக்கும் வீண். ஜெயித்தவருக்குத் தேவைக்கு மேல் விழுந்ததும் வீண். மேலே சொன்ன ஐந்து தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்கு 51 போதும். ‘அ’ கட்சிக்கு வென்ற இடங்களில் 12, தோற்ற இடங்களில் 75, ஆக 87 வாக்கு வீண். ‘ஆ’ கட்சிக்குத் தோற்ற இடங்களில் 135, வென்ற இடங்களில் 23, ஆக 158. வித்தியாசம் 71. மொத்த வாக்கான 500-ல் அது 14.2 சதவீதம். ஒரே எண்ணில் விஷயம் அடங்கிவிடுகிறது. விஸ்கான்சின் மாநில வரைபட வழக்கின் வாதத்தின்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இந்த வகைக் கணக்கைச் சமூகவியல் பிதற்றல் என்ற பொருளில் கிண்டலடித்தார்.

கிண்டலை விட்டுவிடலாம், கருவியில் உண்மையிலேயே ஓட்டை உண்டு. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நகரங்களில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். யாரும் சதி செய்யாமலேயே அவர்கள் வாக்கு குவிந்து வீணாகும். இன்னொரு பக்கம் மாசசூசெட்ஸைப் பாருங்கள்: குடியரசுக் கட்சிக்கு அங்கே சுமார் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வருவது வழக்கம், ஆனால் 1994-க்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூடப் பிரதிநிதிகள் சபைக்குப் போனதில்லை. அவர்கள் மாநிலமெங்கும் சீராகப் பரவியிருப்பதால், எப்படிக் கோடு போட்டாலும் ஓரிடம் தேற்றுவது கஷ்டம். எண்ணை மட்டும் பார்த்தால் சதி போலத் தெரியும். அதில் பாதி, ஊர்கள் அமைந்த விதம்.

இந்த ஓட்டையை அடைத்தது இரண்டாவது கருவி. கணினியிடம் மக்கள் தொகைச் சமன், தொகுதித் தொடர்ச்சி, மாவட்ட எல்லை மதிப்பு ஆகிய விதிகளை மட்டும் கொடுத்து, கட்சியைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஆயிரக்கணக்கில் வரைபடம் போடச் சொல்வது. ஊர்களின் அமைப்பு எல்லா வரைபடத்துக்கும் பொது என்பதால் அது தானே கழிந்துபோகும். வட கரோலினா வழக்கில் ஒரு வல்லுநர் 3,000 வரைபடம் போட்டார். நடைமுறையில் இருந்த வரைபடம் தந்ததைவிட ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓர் இடமாவது கூடுதலாகத் தராத வரைபடம் அந்த 3,000-ல் ஒன்றுகூட இல்லை. அளவுகோல் கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்திருக்காது என்பதே என் கணிப்பு.

ஆனால் 2019 ஜூன் 27 அன்று, ருச்சோ வழக்கு எனப்படும் இந்த வட கரோலினா வழக்கில், 5-க்கு 4 என்று உச்ச நீதிமன்றம் கதவைப் பூட்டியது. கென்னடி அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். தீர்ப்பை எழுதியவர் ராபர்ட்ஸ். இது அநியாயமில்லை என்று அவர் சொல்லவில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தின் வேலையில்லை என்றார். வாக்கு விகிதப்படி இடம் தர வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை, கொஞ்சம் அரசியல் கலப்பது தவிர்க்க முடியாதது, எவ்வளவு கலந்தால் அதிகம் என்று சொல்ல நீதிபதிக்கு எந்த விதியும் இல்லை என்பது அவர் வாதம். மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி போட்ட கோட்டையும் அதே தீர்ப்பு காப்பாற்றியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி ககன், அந்த 3,000 வரைபடங்களை எடுத்துவைத்து, எவ்வளவு அதிகம் என்று கேட்கிறீர்களே, இது அதிகம் என்ற ரீதியில் பதில் கொடுத்தார்.

அந்தத் தீர்ப்பில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கூட்டாட்சி நீதிமன்றம் இல்லாவிட்டால் என்ன, மாநில அரசியல் சாசனங்கள் இருக்கின்றன, சட்டமன்றத்துக்குப் பதிலாகக் கோடு போடும் சுயேச்சை ஆணையங்கள் இருக்கின்றன என்று ராபர்ட்ஸ் ஆறுதல் சொன்னார். நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015-ல், அரிசோனா ஆணையத்தை எதிர்த்து அந்த மாநிலச் சட்டமன்றமே போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. மக்கள் வாக்கெடுப்பில் உருவான ஆணையம் செல்லும் என்று 5-க்கு 4 தீர்ப்பு வந்தது, எழுதியவர் கின்ஸ்பர்க். தேர்தல் விதிகளைச் ‘சட்டமன்றம்’ வகுக்கும் என்று அரசியல் சாசனம் சொன்னால் சட்டமன்றம் என்றே பொருள், மக்கள் அதைத் தட்டிப் பறிக்க முடியாது என்று அன்று எதிர்த்தவர் இதே ராபர்ட்ஸ். அன்று அவர் பக்கம் ஒரு நீதிபதி சாய்ந்திருந்தால் 2019-ல் ஆறுதலாகச் சுட்டிக்காட்ட அந்த ஆணையங்கள் இருந்திருக்காது.

சரி, மாநில நீதிமன்றங்கள் என்ன செய்தன? தொடக்கம் நன்றாகவே இருந்தது. தேர்தல்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் நடக்க வேண்டும் என்ற ஒரு வரி பென்சில்வேனியா சாசனத்தில் உண்டு. 2018 ஜனவரியில் அதை வைத்து மாநில உச்ச நீதிமன்றம் பழைய வரைபடத்தை வீழ்த்தியது. அந்த வரைபடத்தில்தான் ஏழாம் தொகுதி, கார்ட்டூன் நாய் கூஃபி, கார்ட்டூன் வாத்து டொனால்டு டக்கை உதைப்பது போல இருக்கிறது என்று ஊரே சிரித்தது. முன்பு குடியரசுக் கட்சிக்கு 13, ஜனநாயகக் கட்சிக்கு 5 என்று இருந்த இடங்கள், நீதிமன்றம் தந்த வரைபடத்தில் அந்த ஆண்டே 9-க்கு 9 ஆயின.

வட கரோலினாவும் அந்த வழியில் நடந்தது, ஓர் ஆண்டுக்கு. 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று சட்டமன்றம் போட்ட நாடாளுமன்ற வரைபடத்தை ரத்து செய்தது. அப்போது இடங்கள் 14 ஆகியிருந்தன. மாற்று வரைபடத்தில் முடிவு 7-க்கு 7. அதே நவம்பரில் நீதிபதிகள் தேர்தலும் வந்தது. அங்கே நீதிபதிகளும் கட்சிப் பெயரோடுதான் நிற்கிறார்கள். குடியரசுக் கட்சிக்கு 5-க்கு 2 பெரும்பான்மை கிடைத்ததும், முடிந்த வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்து, 2023 ஏப்ரலில் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது நீதிமன்றம். சாசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. 2024 தேர்தலில் முடிவு குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4. இடையில், 2023 ஜூனில், மாநில நீதிமன்றங்களுக்கு இந்த விஷயத்தில் தலையிட அதிகாரமே இல்லை என்ற வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று நிராகரித்தது. அது கிளம்பியதும் இதே வட கரோலினா வழக்கிலிருந்துதான். அதிகாரம் உண்டு என்று மேலிடம் உறுதி செய்தபோது, அதை வென்ற நீதிமன்றம் ஏற்கெனவே கீழே போட்டுவிட்டிருந்தது.

தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை என்றதும் நம் மனத்தில் எழும் கவலை வேறு: மாநிலத்துக்கு எத்தனை இடம் குறையும் என்பது. இங்கே பேசுவது மாநிலத்துக்குள் கோடு எங்கே ஓடுகிறது என்பதை. அந்த வேலையை இந்தியா 1950-களிலிருந்தே சட்டமன்றத்திடம் விடாமல் ஆணையத்திடம் கொடுத்துவிட்டது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் அதில் உட்காரலாம், வாக்களிக்க முடியாது. நீதிமன்றம் கேள்வி கேட்கவும் 329-ஆவது பிரிவு பெரிய தடை. அமெரிக்கா நேர் எதிர்: கோடு போடுபவர் அரசியல்வாதி, நீதிமன்ற வாசல் மட்டும் எப்போதும் கூட்டம்.

இனி ஆணையங்கள். ‘சுயேச்சை’ என்ற பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரு ஆணையத்தை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும்: அவர்களுக்குள் ஒத்துவராமல் போனால் பேனா யார் கைக்குப் போகிறது?

நியூயார்க்கில் 2014-ல் சாசனத் திருத்தம் மூலம் ஆணையம் வந்தது. பத்து உறுப்பினர், எட்டுப் பேரைச் சட்டமன்றத் தலைவர்கள் நியமிப்பார்கள், அந்த எட்டுப் பேர் மீதி இருவரைப் பிடிப்பார்கள். பத்து என்பது இரட்டைப்படை. எதிர்பார்த்தபடியே ஐந்துக்கு ஐந்து என்று உடைந்து, 2022 ஜனவரியில் இரண்டு போட்டி வரைபடங்களை அனுப்பினார்கள். சட்டமன்றம் இரண்டையும் தள்ளியது. இரண்டாவது முறை ஆணையம் எதையும் அனுப்பவில்லை. பேனா தங்களிடம் திரும்பிவிட்டதாக ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை எடுத்துக்கொண்டு தனக்குத் தோதாக வரைந்தது. ஆணையம் முட்டி நின்றால் தனக்கே லாபம் என்று தெரிந்த கட்சி, தன் ஆட்களைச் சமரசம் செய்யச் சொல்லுமா? ஏப்ரலில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 4-க்கு 3 என்று அதை ரத்து செய்து, வெளி வல்லுநர் ஒருவரை வரைய வைத்தது. வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க ஜூனில் நடக்க வேண்டிய உட்கட்சித் தேர்தல் நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு ஆகஸ்ட் 23-க்குத் தள்ளிப்போனது. நவம்பரில் 26 இடங்களில் 11 குடியரசுக் கட்சிக்குப் போனது.

அரிசோனாவில் ஐந்தே பேர். கட்சிக்கு இருவர், நடுவே கட்சி சாராத தலைவர் ஒருவர். முட்டுக்கட்டைக்கு இடமில்லை, ஆனால் எல்லாப் பாரமும் அந்த ஒருவர் தலையில். 2011-ல் தலைவர் காலின் மேத்திஸ் போக்கு பிடிக்காத ஆளுநர் ஜேன் புரூவர், மாநில செனட்டின் மூன்றில் இரு பங்கு ஆதரவோடு அவரைப் பதவிநீக்கம் செய்தார். அதே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப உட்கார வைத்தது. பதவிநீக்க விதி எழுதும்போது சோம்பல்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம்.

கலிபோர்னியா விதிகளை எழுதியவர்கள் ரொம்பவே சந்தேகப் பிராணிகள், நல்ல அர்த்தத்தில். விண்ணப்பங்களைச் சலிப்பது அரசியல் தலைவர் அல்ல, மாநிலத் தணிக்கை அலுவலகம். கடைசிச் சுற்றில் 60 பேர்: ஜனநாயகக் கட்சி 20, குடியரசுக் கட்சி 20, மற்றவர் 20. சட்டமன்றத் தலைவர்கள் நால்வரும் ஒவ்வொரு பிரிவிலும் இருவர் வீதம், மொத்தம் 24 பெயர் வரை அடிக்கலாம். யாரையும் சேர்க்க முடியாது. மீதியிலிருந்து குலுக்கலில் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து 14 ஆக்குகிறார்கள். வரைபடம் நிறைவேற ஒன்பது வாக்கு வேண்டும், அதுவும் மூன்று பிரிவிலும் தலா மூன்று. ஒத்துவராவிட்டால் மாநில உச்ச நீதிமன்றம் வல்லுநரை வைத்து வரைந்துகொள்ளும். சட்டமன்றத்துக்குப் பேனா திரும்புவதே இல்லை.

மிச்சிகன் 2018-ல் இன்னும் ஒரு படி போனது. 13 பேரும் குலுக்கல்தான். நிறைவேற்ற, இரு கட்சியிலிருந்தும் கட்சி சாராதவரிலிருந்தும் குறைந்தது இருவர் வீதம் வேண்டும். முட்டி நின்றால் உறுப்பினர்கள் வரைபடங்களைத் தரவரிசைப்படுத்திப் புள்ளி போடுவார்கள். அதிலும் தேறாவிட்டால் வரைபடங்களையே குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துவிடுவார்கள். குலுக்கலில் எதிராளி வரைபடம் வந்துவிடுமோ என்ற பயமே ஆட்களை உட்கார்ந்து பேச வைக்கும். ஆனால் குடிமக்கள் என்பதால் தப்பே வராது என்றில்லை. கட்சிச் சமன் வர வேண்டும் என்ற முனைப்பில் டெட்ராய்ட்டின் கறுப்பினப் பகுதிகளைச் சக்கர ஆரம்போலப் புறநகர் வரை இழுத்து வரைந்தார்கள். 2023 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம், 13 மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று அடித்துவிட்டது. வட கரோலினாக்காரர்கள் ‘கட்சிதான், இனமில்லை’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்த அதே கோடுதான் இது. நல்ல எண்ணம் அந்தக் கோட்டைத் தாண்டக் காரணமாகாது.

யூட்டாவில் இன்னொரு வகைச் சிக்கல். 2018-ல் மக்கள் மயிரிழையில் ஆணையத்தை நிறைவேற்றினார்கள். 2020-ல் சட்டமன்றம் அதை வெறும் ஆலோசனைக் குழுவாக்கியது. 2021-ல் ஆலோசனையைக் கேட்காமல் சால்ட் லேக் மாவட்டத்தை நான்காக வெட்டியது. அரசாங்கத்தைச் சீர்திருத்த மக்கள் கொண்டுவரும் சட்டத்தை இப்படி நினைத்தபடி அழிக்க முடியாது என்று 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2025-ல் அந்த வரைபடமும் விழுந்தது. சாசனத்திருத்தமாக இல்லாமல் சாதாரணச் சட்டமாக நிறைவேற்றினால் இத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும்.

நன்றாகக் கட்டிய வீடும் பக்கத்து வீட்டுத் தீயிலிருந்து தப்பாது என்பதை 2025 காட்டியது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிப் போடும் வரைபடத்தை இடையில் மறுபடி வரையத் தடையில்லை என்பது 2006 டெக்சாஸ் வழக்கிலேயே முடிவான சங்கதி. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாக வேண்டும் என்று வரைந்தது. பதிலுக்கு நவம்பர் 4 அன்று கலிபோர்னியா வாக்காளர்கள் தங்கள் ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தை 2030 தேர்தல் வரைக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஜனநாயகக் கட்சிக்குத் தோதான வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஆணையத்தைக் கட்டியவர்களே அதை விடுப்பில் அனுப்பினார்கள். ஒரு மாநிலம் மட்டும் யோக்கியமாக இருந்தால் நாடாளுமன்றத்தில் நஷ்டம் அந்த மாநிலத்துக்கு என்ற கணக்குக்கு, ருச்சோ தீர்ப்பு மருந்து எதுவும் விட்டுவைக்கவில்லை.

கடைசியாக ஒஹாயோ. அங்கே ஆணையம் என்றால் ஆளுநர் முதலான ஏழு அரசியல்வாதிகள். 2022-ல் மாநில உச்ச நீதிமன்றம், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைமை நீதிபதி மோரீன் ஓ’கானர் வாக்கோடு, 4-க்கு 3 என்று மாநிலச் சட்டமன்றத் தொகுதி வரைபடங்களை ஐந்து முறை திருப்பி அனுப்பியது. நாடாளுமன்ற வரைபடத்தை இரண்டு முறை. திருப்பி அனுப்பத்தான் முடியும். தானே வரைய முடியாது என்று சாசனமே கையைக் கட்டியிருந்தது. ஆணையம் சும்மா நாள் கடத்தியது. தேர்தல் நெருங்கியதும் கூட்டாட்சி நீதிமன்றம், ரத்தான வரைபடங்களில் ஒன்றையே அந்தத் தேர்தலுக்குப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. ஓ’கானர் வயது வரம்பால் அந்த ஆண்டு முடிவில் விலகினார். 2024-ல் குடிமக்கள் ஆணையம் கேட்டு அவர் முன்னின்று நடத்திய வாக்கெடுப்பும் தோற்றது.

நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு அங்கே படிக்கட்டு வைத்த முறை. முதலில் சட்டமன்றம்: ஐந்தில் மூன்று பங்கு வாக்கு, அதோடு இரு கட்சியிலும் தலா பாதி. முடியாவிட்டால் ஆணையம்: இரு கட்சியிலிருந்தும் தலா இரண்டு வாக்கு. அதுவும் முடியாவிட்டால் மறுபடி சட்டமன்றம், கடைசிப் படியில் தனிப் பெரும்பான்மையே போதும். தண்டனை, அந்த வரைபடம் நான்கே ஆண்டு நிற்கும். எழுதியவர்கள் இதைக் கடிவாளம் என்று நினைத்தார்கள். 2021-ல் குடியரசுக் கட்சி நேராகக் கடைசிப் படிக்குப் போய் நின்றது. 2025-ல் மறுபடி வரைய வேண்டி வந்தது. அக்டோபர் 31 அன்று, தங்கள் கட்சிக்குப் பாதகத்தைக் கூட்டும் ஒரு வரைபடத்துக்கு ஆணையத்தின் இரண்டு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து வாக்களித்தார்கள், 7-க்கு 0. வேண்டாம் என்றிருந்தால் நவம்பரில் பேனா சட்டமன்றத்துக்குப் போயிருக்கும். அங்கே இதைவிட மோசமான வரைபடம் வந்திருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.